கூடிக் கூழ் குடிப்பது யார்?

ஆடி பிறக்கிற அன்று, ஜூலை 17 ஆம் திகதி அளவில், எங்கட முகநூல் முழுக்க ஒரே காட்சிதான். பலாவிலையில் கூழ், வாழையிலையில் கொழுக்கட்டை, மேலே நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டிலிருந்து இரண்டு வரி. பின்னேரம் யாராவது ஒருவர் 'எங்கட பாரம்பரியம் அழியுது' என்று கவலைப்பட்டு ஒரு பதிவு போடுவார். அதுக்கும் நாங்கள் லைக் போடுவம். அடுத்தநாள் எல்லாம் மறந்துபோகும்.

இந்த முறை லீவில் ஊருக்குப் போகாமல் போர்டிங்கில் நின்ற நாங்கள் கொஞ்சப்பேர், லைக் போட்டது காணும், நாங்களே காய்ச்சிப் பார்ப்பம் என்று இறங்கினோம். அந்த ஒருநாள் சமையலில் எங்களுக்கு வந்த சில யோசனைகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பாட்டு. 1878 இல் பிறந்து 1953 இல் மறைந்த 'தங்கத்தாத்தா' எழுதிய ஆடிப்பிறப்புப் பாட்டைப் படிக்காமல் இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்தவர்கள் குறைவு. இப்ப திரும்ப வாசித்தால் அது பாதி சமையல் குறிப்பு. அரிசி மாவை என்ன செய்ய வேண்டும், பயறு எப்படிச் சேரும், தேங்காய், பனங்கட்டி, கொழுக்கட்டைக்குள் போகிற உள்ளுடன் எல்லாம் அதில் இருக்கு. சமையல் புத்தகம் வாங்காத வீடுகளுக்குள்ளும் ஒரு செய்முறையைச் சின்னப்பிள்ளைகளின் வாய்வழியே கொண்டுபோய்ச் சேர்த்த பாட்டு அது.

ஆனால் அந்தப் பாட்டில் விடுதலை யாருக்கு? விடுதலை என்றால் பள்ளிக்கூட லீவு. இண்டைக்கு அந்த லீவும் இல்லை. ஆடிப்பிறப்பு நாட்காட்டியில் சாதாரண வேலைநாள். அது வேற கதை. பாட்டில் பிள்ளைகளுக்கு லீவு. அவர்களுக்கு இருக்கிற ஒரே வேலை, ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்கி மடித்துக் கோலிக்கொண்டு வந்து நிற்பது. அகப்பை அம்மாவின் கையில். கொழுக்கட்டை அவிப்பதும் அம்மா. அவ எப்ப இருந்து சாப்பிட்டா என்று பாட்டில் இல்லை. இத்தனை வருசம் பாடியும் நாங்கள் இதைக் கவனிக்கவேயில்லை. புலவரில் பிழை சொல்ல வரவில்லை. அவர் ஒரு பிள்ளையின் கண்ணால் பார்த்து எழுதினார். பிள்ளையின் கண்ணுக்கு அம்மாவின் களைப்புத் தெரியாது. எங்கட கேள்வி எங்களை நோக்கித்தான். வளர்ந்த பிறகும் நாங்கள் இலைதானே பொறுக்கிக்கொண்டு நிற்கிறம்?

சமைக்கத் தொடங்கினதும் முதல் சண்டை பெயரில் வந்தது. மலையகத்துத் தோழி, "ஆடிக்கூழ்னா கேப்பைக் கூழ்தானே, அம்மனுக்கு ஊத்துறது" என்றாள். மட்டக்களப்பு நண்பன், யாழ்ப்பாணக் கூழ் என்றால் நண்டும் றாலும் மீனும் போட்டு உறைப்பாகக் காய்ச்சுற ஒடியல் கூழ் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தானாம். ஒரே சொல், மூன்று சட்டி. எது அசல் கூழ் என்று விவாதம் சூடாகப் போனது. கடைசியில் ஒருத்தி சொன்னாள்: ஒடியல் கூழுக்குள்ள போற மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலயிருந்து கப்பலேறி வந்த சாமான்கள். போர்த்துக்கேயர் காலத்துக்கு முந்தி எங்கட ஆக்களுக்கு உறைப்பு எண்டால் மிளகுதான். பிறகென்ன அசல்? விவாதம் அதோட முடிஞ்சுது. இனிப்புக் கூழே காய்ச்சுவது என்று முடிவெடுத்தோம்.

எங்களில் ஒருவனின் அம்மம்மாவுக்கு அழைப்பெடுத்து போனை ஸ்பீக்கரில் போட்டோம்.

"அம்மம்மா, எவ்வளவு மா போடுறது?"

"காணும் எண்டு படுற அளவு போடு ராசா."

"எவ்வளவு நேரம் காய்ச்சுறது?"

"கையில தெரியும்."

கையில் ஒன்றும் தெரியவில்லை. கொதிக்கிற தண்ணிக்குள் மாவை நேரே கொட்டினோம். கட்டி கட்டியாகத் திரண்டுபோச்சு. இரண்டாந்தரம் பச்சைத் தண்ணியில் கரைத்து ஊற்றினோம். பயறு வறுக்கேக்க ஒரு பக்கம் கருகினது. அவ்வளவையும் போனில் கேட்டுக்கொண்டிருந்த அம்மம்மா கடைசியில், "நீங்கள் பெடியள் ஏன் கிடந்து கஷ்டப்படுறியள், பெட்டையளிட்ட விடுங்கோவன்" என்றா. பக்கத்தில் நின்ற பெட்டையள் சிரித்தார்கள். அவர்களிலும் ஒருத்தரும் அதுவரைக்கும் கூழ் காய்ச்சினதில்லை. பெண்ணாய்ப் பிறந்தால் கைக்குத் தானாகவே அளவு தெரியும் என்று எல்லாரும் நம்புறம். அம்மம்மாவின் கைக்கு அளவு தெரிந்தது, ஐம்பது அறுபது ஆடிகள் அவ அடுப்படியில் நின்றதால். அந்த அறிவை நாங்கள் 'கைப்பக்குவம்' என்று புகழ்கிறம். ஒரு கொப்பியில் எழுதி வைக்கிற அளவுக்கு மதிக்கிறதில்லை. அவவோட அது போனால், பிறகு 'பாரம்பரியம் அழியுது' என்று பதிவு போடுவம்.

அடுத்தது பனங்கட்டி. சந்தையில் ஓலைக் குட்டானோட வாங்கி வந்தோம். இந்த இனிப்பு எங்கே இருந்து வருது? ஒரு மனிசன் பனையில் ஏறி, பாளை சீவி, சுண்ணாம்பு தடவிய முட்டி கட்ட வேண்டும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது கள்ளாகிவிடும். இறக்கின கருப்பநீரை மணித்தியாலக் கணக்கில் காய்ச்ச வேண்டும். அந்த அடுப்படியிலும் அநேகமாக ஒரு பெண்தான் நிற்பாள். விழுந்தால் முதுகு போகிற தொழில். அந்தத் தொழிலைச் செய்தவர்களைத்தான் எங்கட சமூகம் சாதி சொல்லித் தள்ளி வைத்தது. அவர்கள் இறக்கின இனிப்பு வீட்டுக்குள்ளே வந்து சாமிக்கும் படையலானது. அவர்கள் முற்றத்தைத் தாண்டவில்லை.

'அந்தக் காலத்தில ஊரே கூடிக் கூழ் குடிச்சது' என்று கேட்கிற நேரம் இப்ப எங்களுக்கு ஒரு நெருடல் வருது. எந்த ஊர்? யார் கூடினது? 1960களின் பிற்பகுதியில்கூட யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் போய் எல்லாரும் குடிக்கிற கிளாசில் குடிப்பதற்குப் போராட வேண்டியிருந்தது. தேநீர்க்கடைப் பிரவேசமும் ஆலயப் பிரவேசமும் எங்கட வரலாறுதான். ஒரு கிளாசைப் பகிராத ஊர் கூழ்ச்சட்டியை எப்படிப் பகிர்ந்திருக்கும்? எங்கட உணவுப் பெருமையில் இந்தப் பக்கத்தை நாங்கள் கிழித்துவிட்டுத்தான் வாசிக்கிறம்.

'சாப்பாட்டுக்குள்ளயும் அரசியலா, நிம்மதியா ஒரு வாய் குடிக்க விடுங்கோவன்' என்று சிலர் சொல்லுவினம். உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் குடிக்கத்தான் விருப்பம். கூழ் நல்லாத்தான் இருந்தது. தேங்காய்ப்பால் சேர்ந்து பனங்கட்டி வாசம் எழும்பி, மிளகும் சீரகமும் தொண்டையில் மெல்லப் பிடிக்கிற அந்தச் சூட்டை வேண்டாம் என்று சொல்ல நாங்கள் முட்டாள்கள் இல்லை. அரசியலை நாங்கள் சட்டிக்குள் போடவில்லை, அது முதலே அதுக்குள்ள கிடந்தது. யார் காய்ச்சுறது, யார் முதலில் குடிக்கிறது, யார் வெளியில் நிற்கிறது என்பதெல்லாம் எப்பவோ தீர்மானிக்கப்பட்டுத்தான் கூழ் எங்கட கைக்கு வருது.

ஆடிப்பிறப்பைக் கைவிடச் சொல்லவில்லை. அது நிலைக்க வேண்டும் என்றால் படம் போடுறது காணாது என்கிறம். வீட்டில் இருக்கிற அம்மம்மா, அப்பம்மா, பெரியம்மாவிடம் இப்பவே கேட்டு எழுதுங்கோ. அவவைச் சட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் இருத்திவிட்டு, நீங்கள் கிண்டுங்கோ. பனங்கட்டி இருக்க சீனியைக் கொட்டாதேங்கோ. பேரம் பேசாமல் வாங்குங்கோ. பக்கத்து அறையில், பக்கத்து வளவில் இதுவரைக்கும் கூப்பிடாத ஒருத்தரைக் கூப்பிடுங்கோ.

எங்கட அளவையும் தருகிறம், பத்துப் பேருக்கு: பச்சையரிசி மா ஒரு சுண்டு, வறுத்துக் கோது நீக்கின பயறு அரைச் சுண்டு, ஒரு தேங்காயின் பால், இன்னொரு பாதியைச் சின்னச் சொட்டுகளாக வெட்டினது, பனங்கட்டி 300 கிராம் அளவில், மிளகும் சீரகமும் ஏலக்காயும் பொடித்தது, உப்பு ஒரு சிட்டிகை. தண்ணியில் முதலில் பயறையும் சொட்டையும் அவிய விட்டு, கரைத்த மாவை ஊற்றி, கை விடாமல் கிண்டவும். மா வெந்த பிறகு பனங்கட்டி, கடைசியாகப் பால்.

ஒன்றை மட்டும் பாட்டும் சொல்லவில்லை, அம்மம்மாவும் சொல்லவில்லை: அடிப்பிடித்த சட்டியை யார் கழுவுறது? அண்டைக்கு இரவு பத்து மணிக்கு எங்களுக்குள்ள நடந்த பெரிய சண்டை அதுதான். கடைசியில் சீட்டுக் குலுக்கினோம். அடுத்த ஆடிக்குக் காய்ச்சத் தொடங்க முதலே குலுக்குவது என்று தீர்மானம்.