வீடு தேடி வந்த திரைப்படம்



திரையரங்குப் பக்கம் தலைவைத்தும் படுக்காத குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஆயினும் அதே இல்லங்களின் கூடத்தில், வீடியோ கேசட் காலந்தொட்டே, திரைப்படம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த மக்களை நேரடியாகச் சென்றடைய முனைந்தவர் நம் மதுரை மாவட்டத்து மேலூர்ப் பகுதியில் பிறந்த இயக்குநர் சேரன். டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டியவரின் மகன் அவர்!

'சினிமா டு ஹோம்' எனும் திட்டத்தின் கீழ், 2015 மார்ச்சில் தமது 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தைத் திரையரங்குகளை நம்பியிராமல் டி.வி.டி.யாக வெளியிட்டார். விலை ரூ.50. ஒரு குடும்பமே திரையரங்கு சென்றுவரும் செலவோடு ஒப்பிட்டால் இது அற்பத் தொகை. அரங்கு கிடைக்காமல் முடங்கிக் கிடக்கும் சிறு படங்களுக்கு இதுவே வழி என்பது அவர் வாதம். நியாயமான வாதமே. ஆனால் திட்டம் நீடிக்கவில்லை. ஒரு தகடு கையில் கிடைத்தால் ஓராயிரம் பிரதி எடுத்துவிடும் திருட்டுத் தொழில் இங்கே வேரூன்றி இருந்தது. அந்தத் தகட்டை மலிவாக வாங்கிப் பார்த்தவர்களில் நாமும் உண்டா என்பதை அவரவர் மனசாட்சியே அறியும்.

ஜப்பானின் கதை வேறு. அங்கே டோயி நிறுவனம் 1989-ல் 'வி-சினிமா' என்ற பெயரில் வீடியோவுக்கென்றே படம் எடுக்கத் தொடங்கியது. நாடெங்கும் இருந்த வாடகைக் கடைகள் கேசட்டுகளை விலை கொடுத்து வாங்கின. போட்ட முதல் திரும்பியது. தகாஷி மீகே போன்ற இயக்குநர்கள் அதில் தொழில் பயின்றே உயர்ந்தனர்.

அவ்வளவு தூரம் போவானேன்? அண்டை மலபாரில் சலாம் கொடியத்தூர் என்பவர், 2000-ஆம் ஆண்டையொட்டி, 'ஹோம் சினிமா' எனும் குறைந்த செலவுப் படங்களை எடுக்கலானார். வரதட்சணை, வளைகுடா சென்றவரின் குடும்பத் துயர் ஆகியவையே கதைகள். மாப்பிள்ளை முஸ்லிம் வீடுகளிலும் வளைகுடா அறைகளிலும் அவை விரும்பிப் பார்க்கப்பட்டன. தம் வாழ்வைத் திரையில் கண்டதே காரணம் எனலாம்.

திரையரங்கு உரிமையாளர்களின் அச்சமும் பொய்யன்று. 2013-ல் 'விஸ்வரூபம்' படத்தை டி.டி.எச். வழியே முன்கூட்டிக் காட்ட முற்பட்டபோது அவர்கள் கடுமையாக எதிர்த்தனர். (அதன் உள்ளடக்கம் பற்றி நம் சமுதாயம் எழுப்பிய ஆட்சேபம் தனி விவகாரம்.) 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' அமேசான் பிரைமில் நேரடியாக வந்தபோதும் அதே எதிர்ப்பு. இம்முறை தடுக்க இயலவில்லை. கொரோனாவால் அரங்குகளே பூட்டிக் கிடந்தன. ஆனால் அந்த வழியில் எந்தப் படம் வீட்டுக்கு வரும் என்பதை முடிவு செய்வது விலைபேசி வாங்கும் பெருநிறுவனமே. சேரன் மனத்தில் கொண்டிருந்த சிறு தயாரிப்பாளர் அங்கும் காத்துக்கிடக்கிறார்.