ஜய ஆண்டின் ஆடி வானம் — கி.பி. 1054

சகம் 976. அறுபதாண்டுச் சுழற்சியில் அது ஜய ஆண்டு. அவ்வாண்டு ஆடி மாதத்தில், ஆங்கிலக் கணக்கில் ஜூலை 4 அன்று, சீனத்தின் சோங் அரசவை வானியலாளர்கள் விடியற்காலைக் கீழ்வானில் புதிய விண்மீன் ஒன்றைக் கண்டனர். ரிஷபத்தின் கொம்பு நுனியருகே தோன்றிய அதனை ‘விருந்தினர் விண்மீன்’ என்று குறித்துவைத்தனர். 23 நாட்கள் பட்டப்பகலிலும் அது தெரிந்தது. இரவில் 1056 ஏப்ரல் வரை நீடித்தது. அவ்வளவு காலமும் அவர்கள் அதனை விடாது கண்காணித்தனர். அரசவைச் சோதிடர் அதனை மன்னருக்கு நன்னிமித்தம் என்றே விளக்கினார். வேறு விதமாகச் சொல்ல அவருக்கு வழியும் இருந்திராது! உண்மையில் அது பெரும் விண்மீன் ஒன்று வெடித்துச் சிதறிய ஒளி. அதன் எச்சமே இன்று நண்டு நெபுலா எனப்படுகிறது. ஏறத்தாழ 6,500 ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வந்த ஒளியாதலால், அந்த வெடிப்பும் அத்தனை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்து முடிந்திருந்தது.

ஐரோப்பிய மடாலயக் குறிப்புகளில் இதைப் பற்றி ஐயத்திற்கு இடமற்ற பதிவு ஒன்றும் இல்லை. அங்கே கவனம் வேறொன்றில் இருந்தது. விண்மீன் பகலிலும் ஒளிர்ந்துகொண்டிருந்த ஜூலை 16 அன்று, கான்ஸ்டாண்டிநோபிளின் ஹாகியா சோபியா பேராலயத்தில் வழிபாடு தொடங்கவிருந்த வேளை. ரோமாபுரியிலிருந்து வந்த கர்தினால் ஹம்பர்ட் உள்ளே நுழைந்து, அந்நகரத் தலைமைக் குரு மைக்கேல் செருலாரியஸைச் சபையிலிருந்து விலக்கும் ஓலையைப் பீடத்தின்மீது வைத்துவிட்டு வெளியேறினார். ஆலயப் பணியாளர்கள் அதை எடுத்துக்கொண்டு பின்தொடர்ந்து, திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு வேண்டினர். அவர் இசையவில்லை. வழிபாட்டு அப்பம் புளித்த மாவில் செய்யப்பட வேண்டுமா, புளிக்காத மாவிலா என்பதும் அந்த வழக்கில் ஒரு பெரும் பொருளாக இருந்தது. ஹம்பர்ட்டை அனுப்பிய போப் ஒன்பதாம் லியோவோ ஏப்ரல் 19 அன்றே காலமாகிவிட்டார். அதிகாரம் அளித்தவர் மறைந்தபின் அவர் பெயரால் இட்ட ஆணை செல்லுமா என்ற வினா இன்றும் எழுப்பப்படுகிறது. செருலாரியஸும் பதிலுக்கு ஹம்பர்ட் குழுவினரை விலக்கினார். அக்காலத்தில் அந்நகரில் தங்கியிருந்த பாக்தாத் மருத்துவர் இப்னு புட்லான், புதிய விண்மீனையும் நகரை வாட்டிய கொள்ளைநோயையும் சேர்த்தே எழுதிவைத்தார்.

நம் நாட்டிலும் அது இழப்பின் ஆண்டே. வரலாற்றாசிரியர் பலர் கொப்பம் போரை 1054 என்றே கொள்கின்றனர். சாளுக்கிய ஆகவமல்லனை எதிர்த்த அப்போரில் முதலாம் இராஜாதிராஜன் யானைமீதே உயிர் துறந்தான். ‘யானைமேல் துஞ்சின தேவர்’ என்று கல்வெட்டுகள் அவனைக் குறிக்கின்றன. சிதறத் தொடங்கிய படையைத் தம்பி இரண்டாம் இராஜேந்திரன் நிலைநிறுத்தி, வென்று, போர்க்களத்திலேயே முடிசூடினான்.

கீவ் நாட்டில் யாரோஸ்லாவ் மன்னர் மறைந்ததும், வியட்நாம் ‘தாய் வியட்’ எனப் பெயர் பூண்டதும் அதே ஆண்டில்தான். வங்கத்தில் பிறந்து, விக்கிரமசீலத்திலிருந்து முதிய வயதில் இமயம் கடந்து 1042இல் திபெத்து சென்ற ஆசாரியர் அதீசரும், தாயகம் திரும்பாமலே லாசாவிற்கு அருகில் நியேதாங்கில் அவ்வாண்டு மறைந்தார்.

ஹாகியா சோபியாவில் வைத்த அந்த ஓலையின் விலக்கும் அதற்குப் பதிலாக இடப்பட்ட விலக்கும் 911 ஆண்டுகள் நின்றன. 1965 டிசம்பர் 7 அன்று போப் ஆறாம் பவுலும் தலைமைக் குரு அத்தனகோரஸும் அவற்றை நீக்கினர். சபைகள் இரண்டும் இன்னும் தனித்தனியாகவே இருக்கின்றன.