வாட்ஸைக் கேட்காதே... பாட்டைக் கேள்!

(மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



"மச்சான், எத்தனை வாட்ஸ்டா?"

யார் புதிதாக சவுண்ட் செட் வாங்கி வந்தாலும் முதலில் விழும் கேள்வி இதுதான். "பாட்டு எப்படிடா இருக்கு?" என்று கேட்பவன் நூற்றில் ஒருவன். நம்முடைய இந்தக் கேள்வியை நம்பித்தான் ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. காசு குறைவாக இருப்பவனுக்கு நல்ல ஒலி கிடைக்காது என்பது சுத்தப் பொய். காசை எங்கே போடுவது என்று தெரியாதவனுக்குத்தான் கிடைக்காது. இதுவே என் வாதம்.

முதலில் அந்தப் பெட்டி மேலே கொட்டை எழுத்தில் இருக்கும் 'பி.எம்.பி.ஓ.' என்ன என்று பார்ப்போம். கண் இமைக்கும் நேரத்தில் வந்து போகும் உச்சத்தைச் சொல்கிறார்களாம். அதை எப்படி அளப்பது என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. அவரவர் இஷ்டம்! எங்கள் தெருவில் ஒரு அக்கா தவணை முறையில் ஒரு செட் வாங்கினார். முன்னால் 6000 வாட்ஸ். பின்னால் ஒட்டியிருந்த சின்ன லேபிளில் 230 வோல்ட், 40 வாட்ஸ். உள்ளே போவது 40 என்றால் தொடர்ந்து வெளியே வருவது எப்படி 40-ஐத் தாண்டும்? ஆற்றல் அழிவின்மை விதி என்ன, கடை வாசலில் செருப்போடு கழற்றி வைக்கிற சாமானா? யு.எஸ்.பி.யில் ஓடும் குட்டி ஸ்பீக்கரும் இப்படித்தான். 5 வோல்ட், அரை ஆம்பியர்: இரண்டரை வாட்ஸ். அவ்வளவுதான் கணக்கு! அட்டையில் ஆயிரம் போட்டிருந்தால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். கேட்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட்ஸ் மட்டுமே.

சரி, எத்தனை வாட்ஸ்தான் வேணும்? இங்கேதான் நம்ம டெசிபெல் பாடம் சோறு போடுகிறது. ஒரு ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபெல் என்பதுதான் அதன் சென்சிட்டிவிட்டி. 84 டெசிபெல் ஸ்பீக்கரும் இருக்கிறது, 90 டெசிபெல் ஸ்பீக்கரும் இருக்கிறது. பவர் இரண்டு மடங்கானால் கூடுவது வெறும் 3 டெசிபெல். ஆக, 84-க்கு 40 வாட்ஸ் கொடுத்தால் வரும் சத்தம் 90-க்கு 10 வாட்ஸிலேயே வந்துவிடும். அந்த 10 வாட்ஸில் 1 மீட்டரில் 100 டெசிபெல்! 85 டெசிபெல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம், அதற்குமேல் 3 டெசிபெல் ஏற ஏற நேரம் பாதி என்பது காது பாதுகாப்புக் கணக்கு. போட்டுப் பாருங்கள்... 100 டெசிபெல்லுக்கு வெறும் 15 நிமிடம். பிறகு எதுக்குங்க ஆயிரம் வாட்ஸ்?

எனவே, கையில் 100 ரூபாய் இருந்தால் 60 ரூபாயை ஸ்பீக்கரிலும் பெட்டியிலும் போடுங்கள். 30 ஆம்ப்ளிபையருக்கு. வயர், பியூஸ், சாக்கெட்டுக்கு மிச்சம் 10. இது என் கணக்கு.

பெட்டியில் ஏன் அவ்வளவு அக்கறை? கோன் முன்னால் தள்ளும்போது பின்னால் காற்றை இழுக்கிறது. வெறும் ஸ்பீக்கரைத் தொங்கவிட்டால் பின்பக்க அலை சுற்றி வந்து முன்பக்க அலையை அடித்துவிடும். பேஸ் காலி! இதை எந்தப் பாலிடெக்னிக்கிலும் படிக்காமலே நம்ம ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள். டீக்கடையில் மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்தார்களே, அது சும்மா இல்லை. முன் அலையையும் பின் அலையையும் பானை பிரித்துவிடுகிறது. ஆனால் ஏதோ ஒரு ஸ்வரம் மட்டும் 'கும்'மென்று தூக்கும். உள்ளே கொஞ்சம் இலவம்பஞ்சு வைத்தால் அது அடங்கும். 18 மி.மீ. பிளைவுட்டில் காற்றுப் புகாமல் பெட்டி அடித்தால் இன்னும் நல்லது. இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக நடந்து போவது அப்போதுதான் புரியும்.

ஆம்ப்ளிபையரை நாமே செய்யலாம். ரிச்சி தெருவுக்குப் போனால் எல்லாம் கிடைக்கும். டி.டி.ஏ. 2030ஏ ஐ.சி. இரண்டு, 12-0-12, 3 ஆம்ப் டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ், 4700 மைக்ரோபாரட் கெபாசிட்டர் இரண்டு, தாராளமான ஹீட்சிங்க். 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனலுக்குச் சுமார் 10 வாட்ஸ் சுத்தமாக வரும். கவனம்! 'ஏ' இல்லாத 2030-க்கு ±18 வோல்ட்தான் எல்லை. லைன் வோல்டேஜ் ஏறினால் தாங்காது. 'ஏ' என்றால் ±22 வரை. ஐ.சி.யின் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. மைக்கா வைக்காமல் சேஸிஸில் முறுக்கினால் புகைதான். பிரைமரியில் பியூஸ் கட்டாயம். சுவிட்சை அணைத்தாலும் கெபாசிட்டரில் சார்ஜ் இருக்கும், கை வைக்காதீர்கள்.

அடுத்தது ஓசியில் கிடைக்கும் லாபம். ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கரில் தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ் என்றால் கோன் வெளியே வரும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று மாறியிருந்தால் பேஸ் கரைந்து போகும், பாடகர் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. பிறகு அறை நடுவில் நின்று ஒரு கை தட்டுங்கள். 'ணங்' என்று திரும்பி வந்தால் சுவர்தான் எதிரி. கனமான திரை, மெத்தை, புத்தக அலமாரி, கொடியில் கிடக்கும் போர்வை எல்லாமே மருந்து. ஸ்பீக்கரை மூலையில் திணித்தால் பேஸ் ஊதிப் பெருக்கும். கொஞ்சம் வெளியே இழுத்து, காது உயரத்தில், நீங்களும் இரு ஸ்பீக்கரும் சம பக்க முக்கோணமாக இருக்கும்படி வையுங்கள்.

'தங்கமுலாம்' வயர் வேண்டுமா? வேண்டாம். 1 சதுர மி.மீ. செம்பு வயர், 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர 0.17 ஓம். 8 ஓமில் அது இரண்டே சதவீதம். அதைவிடப் பாட்டு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சி.டி.யில் வினாடிக்கு 1411 கிலோபிட். 128-இல் சுருக்கிய எம்.பி.3-இல் அதில் பதினொன்றில் ஒரு பங்கு. ஊற்றே வற்றினால் குழாய் என்ன செய்யும்?

"இவ்வளவு தலைவலி எதுக்குடா, ரெடிமேடா ஒரு புளூடூத் வாங்கினா போச்சு" என்பவர்களும் உண்டு. தூக்கிக்கொண்டு சுற்ற அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் குட்டிப் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கரில் இடமும் வலமும் எங்கே பிரியும்? பேட்டரி செத்தால் அதோடு சேர்த்துக் குப்பையில் போடும் பொருள்தான் இன்று அதிகம். நாம் செய்ததை நாமே பழுது பார்க்கலாம்.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்போம், சிலர் சர்வீஸ் சென்டரில் இருப்போம். "தம்பி, நீ டிப்ளமா படிச்ச பையன், எதை வாங்கலாம்னு நீயே சொல்லுப்பா" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். அவர் நீட்டுவது வியர்வைக் காசு. அந்த நேரத்தில் நாமும் '6000 வாட்ஸ்' என்று வாய் பிளந்தால், மூன்று வருடம் படித்த டெசிபெல்லுக்கும் ஓமுக்கும் என்ன மரியாதை? பெட்டியைத் திருப்புவோம், பின்னால் இருக்கும் லேபிளைப் படித்துக் காட்டுவோம். படித்தவன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான்!