பொறி எங்கே போயிற்று?

பழைய பெட்ரோல் மோட்டார் வண்டி நின்றுவிட்டால், பானெட்டைத் திறந்தவுடனேயே "காயில் போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. ஜோசியத்துக்காவது ஜாதகம் பார்ப்பார்கள். இதற்கு அதுவும் கிடையாது. வீரசோழனுக்கும் திருச்சுழிக்கும் நடுவே, சீமைக் கருவேல மரத்தின் அரை நிழலில் நிற்பவருக்குத் தீர்ப்பு உதவாது, பரீட்சைதான் உதவும்.

1958 முதல் 2014 வரை உத்தர்பாராவில் செய்யப்பட்ட அம்பாஸடரையே எடுத்துக்கொள்வோம். (டீஸல் அம்பாஸடர் வைத்திருப்போர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம், அதற்குப் பொறியே வேண்டாம்.) பாட்டரியிலுள்ள 12 வோல்ட் பிளக்கின் இடைவெளியைத் தாண்டாது, அதற்குப் பல்லாயிரம் வோல்ட் வேண்டும். 1831-ல் பாரடே கண்ட உண்மை இங்கே கைகொடுக்கிறது. காயிலுக்குள் ஓடும் மின்சாரத்தைத் திடீரென்று அறுத்தால், அதன் காந்த சக்தி சரிந்து, பக்கத்திலுள்ள மெல்லிய கம்பிச் சுற்றில் பெரும் அழுத்தம் பிறக்கிறது. அறுப்பது டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட். அறுக்கும்போது அங்கேயே மின்சாரம் பொறிந்து வீணாகாமல் வாங்கிக்கொள்வது கண்டென்ஸர். நான்கு ஸிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால், பாயிண்ட் விநாடிக்கு 100 தடவை திறந்து மூடவேண்டும். கரிசல் புழுதியில் இவ்வளவு வேலை செய்யும் சின்னஞ்சிறு உறுப்பைச் சந்தேகிக்காமல் காயிலைப் பழிப்பது நியாயமா?

வீரசோழனில் நம் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம். தாயாரின் கண் ஆபரேஷனுக்காக மதுரைக்குப் புறப்பட்ட காலையில் வண்டி அசையவில்லை. யாரோ டெலிபோனில் சொன்னபடி புதுக் காயில் வாங்கி வந்து பூட்டினார்கள். பயனில்லை. கண்டென்ஸரும் மாறிற்று. அதற்குள் பகல் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. குறித்த நாள் தவறிவிட்டது. நல்ல நிலையிலிருந்த பழைய காயிலும் கடையோடு போயிற்று. மறுநாள் டெஸ்ட் லைட் ஒன்றைக் கொண்டு பார்த்ததில் கால்மணி நேரத்தில் குற்றவாளி அகப்பட்டது: டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் பாயிண்டுக்குப் போகும் சிறு கம்பி, மேலுறை அப்படியே இருக்க, உள்ளே அறுந்திருந்தது. தட்டு அசையும்போதெல்லாம் வளைந்து வளைந்து அறுவது அந்தக் கம்பியின் சுபாவம்.

பரீட்சை இதுதான். முதலில் கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பெட்ரோல் கசிவு எங்கும் இருக்கக்கூடாது. நல்ல பிளக் ஒன்றை ஒயரில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சின்மேல் படும்படி வைத்து, கையை எடுத்துக்கொண்டு, ஒருவரை ஸெல்ப் போடச் சொல்லவேண்டும். நீலப் பொறி படபடவென்று வந்தால் நோய் வேறிடத்தில். வராவிட்டால், கேபின் நடுவிலுள்ள தடித்த ஒயரைக் கழற்றி, ரப்பர் உறையுள்ள இடுக்கியால் பிடித்து, எஞ்சினுக்குக் கால் அங்குலம் தள்ளிக் காட்டி, மறுபடி ஸெல்ப் போடச் சொல்லலாம். இங்கே பொறி இருந்து பிளக்கில் இல்லையென்றால் கேப், ரோட்டர், ஒயர் இவற்றில் ஒன்று. கேபுக்குள் மயிரிழை போன்ற வெடிப்பும் கரிக்கோடும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கவேண்டும். ஐப்பசி மழையில் ஈரம் ஒன்றே போதும்; உலர்ந்த துணியால் துடைத்தால் தீரும்.

அங்கும் பொறி இல்லையா? இக்னீஷனைப் போட்டு, டெஸ்ட் லைட்டின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைக் காயிலுக்குச் சாவியிலிருந்து ஒயர் வரும் முனையிலும் வைக்கவேண்டும். எரியாவிட்டால் சாவியோ ஒயரோதான் கோளாறு. எரிந்தால், டிஸ்ட்ரிப்யூட்டர் பக்கத்து முனைக்குப் போகலாம். பாயிண்ட் திறக்கும்போது எரிந்து, மூடும்போது அணைந்தால் சரி. எப்போதும் எரிந்தால் பாயிண்ட் அழுக்கேறியிருக்கும், அல்லது நண்பர் வண்டியைப்போல் கம்பி அறுந்திருக்கும். எப்போதும் அணைந்தே இருந்தால் அந்த ஒயரைக் கழற்றிவிட்டுப் பார்க்கவேண்டும். இப்போது எரிந்தால் டிஸ்ட்ரிப்யூட்டரில் ஷார்ட், இல்லையேல் பாயிண்ட் திறக்கவேயில்லை. எரியாவிட்டால் மட்டுமே காயிலின் உள்சுற்று அறுந்திருக்கிறது.

பாயிண்டை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, உதிர்ந்த பொடியைத் துடைத்து, முழுதும் திறந்த நிலையில் இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு வரை வைக்கவேண்டும். கேஜ் இல்லாத இடத்தில் தடித்த விஸிட்டிங் கார்டு ஏறக்குறைய அந்தக் கனம். வீடு சேரப் போதும்.

சித்திரை வெயிலில் ஓர் உபத்திரவம் உண்டு. வண்டி சூடேறினால் நிற்கும், அரைமணி ஆறினால் கிளம்பும். மெக்கானிக்கிடம் காலையில் கொண்டுபோனால் "ஒன்றுமில்லை" என்பார், அவர்மேல் பிழையில்லை. இந்த இடத்தில்தான் காயிலையும் கண்டென்ஸரையும் சந்தேகிக்கலாம், அதுவும் நின்ற இடத்திலேயே, சூடு தணியுமுன் பார்த்து.

ஒயர்களைக் கழற்றுமுன் சுண்ணாம்பால் அடையாளம் இட்டுக்கொள்ளவேண்டும். அம்பாஸடர் பெட்ரோல் எஞ்சினில் பொறியின் வரிசை 1, 3, 4, 2. ரோட்டர் சுற்றுவது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில். மாற்றிச் செருகினால் பொறி வந்தும் வண்டி ஓடாது; சைலன்ஸரில் வெடித்து ஊரைக் கூட்டும்.