உடம்பெல்லாம் வலியா? அது சோம்பல் அல்ல!

"ராத்திரி எட்டு மணி நேரம் படுத்துத்தான் கிடந்தேன். காலையிலே எழுந்தா யாரோ அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லும் பெண்கள் எத்தனையோ பேர். கழுத்து, தோள், இடுப்பு, தொடை, எங்கும் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு உடம்பு வேறு பெருத்துக்கொண்டே போகிறது. எதற்கெடுத்தாலும் கண்ணில் நீர் முட்டுகிறது. வீட்டில் என்ன சொல்கிறார்கள்? "உட்கார்ந்தே இருந்தா வலிக்காம என்ன செய்யும்?"

சகோதரிகளே, மூன்று மாதங்களுக்கு மேல் இப்படி உடம்பெங்கும் வலி நீடித்தால் அது ஃபைப்ரோமயால்ஜியா என்ற நோயாக இருக்கலாம். இது பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. வலியைப் பெரிதாக்கிக் காட்டுவது மூளையும் நரம்புகளும்தான். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டும் குமிழை முழுக்கத் திருகி வைத்த மாதிரி! ஆகவே வலி நிஜம், நடிப்பு அல்ல.

தூக்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 1975-ல் கனடாவின் டொராண்டோ நகரில் டாக்டர் ஹார்வி மால்டாஃப்ஸ்கியும் அவர் குழுவினரும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஆரோக்கியமானவர்களைத் தூங்கவிட்டு, ஆழ்ந்த தூக்கம் வரும்போதெல்லாம் சத்தம் எழுப்பிக் கலைத்தார்கள். சில இரவுகளிலேயே அவர்களுக்கும் தசை வலியும் அசதியும் வந்துவிட்டன! படுக்கையில் எத்தனை மணி நேரம் கிடந்தோம் என்பதைவிட, எவ்வளவு ஆழமாகத் தூங்கினோம் என்பதே முக்கியம்.

தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் சுரப்பு கூடுகிறது; இனிப்பும் பொரித்ததும் கேட்கத் தோன்றும். வலிக்குப் பயந்து நடமாட்டமும் குறையும். எடை ஏறும். ஏறிய எடை முழங்காலையும் இடுப்பையும் அழுத்தும். கழுத்தில் சதை போட்டால் குறட்டையும், தூக்கத்தில் மூச்சு தடைப்படுவதும் வரலாம். மறுபடி தூக்கம் கெடும். இவற்றோடு மனமும் சோர்ந்துபோகிறது. சோர்ந்த மனதுக்கு வலி இன்னும் பெரிதாகத் தெரிகிறது. செக்குமாடு போல ஒரே சுற்று! எங்கே அறுத்தாலும் நல்லதுதான். தூக்கத்தில் ஆரம்பிப்பது சுலபம்.

முதலில் டாக்டரிடம் போங்கள். தைராய்டு குறை, ரத்த சோகை, வைட்டமின் டி குறைவு இவையும் இதே மாதிரி அசதியும் வலியும் தரும். அவை இல்லையென்று தெரிய வேண்டும். குறட்டை இருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், ஞாயிற்றுக்கிழமை உள்பட. மாலைக் காப்பியை விட்டுவிடுங்கள். பகல் தூக்கம் அரைமணிக்கு மேல் வேண்டாம். ராத்திரி குழந்தைக்குப் பால் கொடுக்கும் இளம் தாய்மார்களுக்கு இந்தப் பகல் கணக்கு பொருந்தாது. குழந்தை தூங்கும்போது நீங்களும் தூங்குங்கள். பால் கொடுத்தபின் ஏப்பம் விடவைத்துத் தூங்கவைக்கும் வேலையைக் கணவரோ மாமியாரோ ஏற்றுக்கொள்ளட்டும்.

அடுத்து நடை. இந்த நோய்க்கு மருந்தைவிட உடற்பயிற்சியே அதிகம் பலன் தருகிறது. ஆனால் முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்தால் மறுநாள் படுக்கைதான்! ஐந்து நிமிஷத்தில் ஆரம்பித்து, வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிஷமாகக் கூட்டுங்கள். எடை குறைய வேண்டுமென்று பட்டினி கிடக்காதீர்கள். சோற்றைக் கொஞ்சம் குறைத்து, காயும் பருப்பும் கூட்டினால் போதும்.

கடையில் சுயமாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் இந்த வலிக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. நாள்பட்டால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரையை டாக்டர் குறைந்த அளவில் எழுதினால், "என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டாரா?" என்று கலங்க வேண்டாம். அது தூக்கத்தை ஆழமாக்கி வலியைக் குறைக்கவே தரப்படுகிறது. கர்ப்பமோ, தாய்ப்பால் கொடுப்பதோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், "இருந்து என்ன பயன்?" என்று தோன்றினால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

இந்தப் பக்கத்தை வீட்டுக்காரரிடமும் படிக்கக் கொடுங்கள். "இன்னிக்கு எப்படி இருக்கு, சரியாத் தூங்கினியா?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான்.