சொறிநாய் என்னும் வசை

ஒரு மொழியில் வழங்கும் ஏச்சுச் சொற்களை ஒருங்கு வைத்து நோக்கினால், அம்மொழி பேசுவோர் எவற்றுக்கு அஞ்சினர், எவற்றை அருவருத்து ஒதுக்கினர் என்பது ஓரளவு புலனாகும். நம்மவர் ஏச்சில் நோய்களுக்குத் தனியிடம் உண்டு. ஒரு காலத்தில் பிறரை வைவதற்குக் குட்டநோயின் பெயரை எடுக்கத் தயங்காதவர்கள் இருந்தனர். இன்று படித்தோர் அதனை வாயாற் சொல்லக் கூசுவர். அது கிருமியால் வருவது, மருந்தால் மாறுவது என்று அறிந்துகொண்டமையே இக்கூச்சத்துக்குக் காரணம். ஆனால், 'சொறிநாய்' என்னும் வசை குறித்து நமக்கு இன்னும் அந்தக் கூச்சம் வரவில்லை. பள்ளிக்கூட முற்றத்திலும் கேட்கிறேன். அரசியல் மேடையிலும் கேட்கிறேன். மனிதனை நோக்கி எறியப்படும் இச்சொல் முதலிற் சென்று தாக்குவது நாயையே என்பது என் துணிபு.

நாய்க்கு நம் இலக்கியம் அளித்த இடம் ஒருபடித்தானதன்று. நட்பை ஆராயும் நாலடியார், யானையை விடுத்து நாயின் நட்பையே உயர்த்திப் பேசுகிறது. திருவாசகத்தில் மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள நாயையே மீண்டும் மீண்டும் உவமையாக்குகிறார். பாரதத்தின் இறுதியில் தருமனை விடாது பின்தொடர்வதும் ஒரு நாயே. இந்நாய்கள் எவற்றுக்கும் சொறி பிடித்திருந்ததாக நாம் அறியோம். சொறிநாய்க்கு இலக்கியத்தில் நிரந்தர இடம் பிடித்துக் கொடுத்தவர்கள் நம் காலத்துச் சிறுகதை ஆசிரியர்கள். தேநீர்க்கடை வாசலில் வறுமையின் அடையாளமாக அது சுருண்டு படுத்திருக்கும், கதாநாயகன் அதைக் கடந்து போவான், கதையும் முடிந்துவிடும். அந்த நாய்க்கு என்ன நோய் என்று கேட்ட கதாசிரியரை நான் இன்னும் சந்திக்கவில்லை. யதார்த்தம் பேசுவோராவது கேட்டிருக்கலாம்.

கேட்கத்தான் வேண்டும். ஏனெனில், சொறி என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்கள் தோலிற் காட்டும் ஒரே முகம். எங்கள் வீட்டில் ஐந்து மாதக் குட்டியொன்று வளர்கிறது. அதன் கண்களைச் சுற்றியும் முன்னங்கால்களிலும் மயிர் உதிர்ந்து, வட்டவட்டமாகத் தோல் தெரியத் தொடங்கியது. அயல்வீட்டுப் பெரியவர் படலையில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்: "தம்பி, உது சொறி பிடிச்ச குட்டி. பழைய எஞ்சின் ஒயிலைப் பூசிவிடும். மாறாட்டில் சந்தையடியிலை கொண்டுபோய் விட்டிட்டு வாரும்." அவர் கொடியவரல்லர், எங்கள்மீது அன்புள்ளவர். ஊரில் வழங்கும் நாய் மருத்துவம் முழுவதையும் சில வாக்கியங்களில் அடக்கிச் சொன்னார், அவ்வளவே. கொழும்பிலிருக்கும் என் மருமகளோ தொலைபேசியில், "மாமா, அது அலர்ஜி. தானியம் கலக்காத தீனி வாங்கிக் குடுங்கோ" என்றாள். குட்டியைத் தொட்டும் பாராமலே இருவரும் நோயின் பெயரை அறிந்திருந்தனர்.

மிருக வைத்தியர் எந்தப் பெயரையும் உடனே சொல்லவில்லை. கத்தி அலகினால் தோலை இலேசாகச் சுரண்டி, எண்ணெய்த் துளியிலிட்டு, நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்தார். யாழ்ப்பாணத்துச் சுருட்டுப் போன்ற உடலும், முன்புறத்திற் குட்டைக் கால்களும் கொண்ட சிற்றுயிர்கள் அங்கே அசைந்துகொண்டிருந்தன. டெமொடெக்ஸ் எனப்படும் சிற்றுண்ணி இது. மயிர்க்கால்களுள் வாழ்வது, நலமுள்ள நாய்களிலும் சிறு அளவில் இருப்பது. பிறந்த முதற் சில நாட்களில், பால் குடிக்கும்போது, தாயின் தோலிலிருந்தே குட்டியிடம் வந்து சேர்கிறது. குட்டியின் நிர்ப்பீடனம் முதிராத பருவத்தில் அளவுமீறிப் பெருகுகிறது. ஓரிரு இடங்களில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் தானாகவே அடங்கும். உடலெங்கும் பரவினால் மருந்து வேண்டும். வளர்ந்த நாய்களுக்கு இது சாதாரணமாகத் தொற்றுவதில்லை, மனிதருக்குத் தொற்றுவதேயில்லை. சந்தையடிக்கு நாடுகடத்தப்படுவதற்கு எங்கள் குட்டி செய்த குற்றம், தாயிடம் பால் குடித்தது ஒன்றுதான்.

இதனோடு மயங்கத்தக்கது சார்கொப்டிஸ் என்னும் வேறொரு சிற்றுண்ணி. இது தோலைத் துளைத்துச் சுரங்கம் அமைக்கும். செவி விளிம்பிலும் முன்னங்கால் மூட்டிலும் வயிற்றிலும் தாளாத அரிப்பைத் தரும். நாய்க்கு நாய் விரைந்து தொற்றும். குட்டியைத் தூக்கி விளையாடும் பிள்ளையின் கையிலும் சில நாட்களுக்குச் சிவந்த பருக்களை எழுப்பும். படர்தாமரை பங்கசினால் வருவது. அதுவும் பிள்ளைகளுக்குத் தொற்றும். தெருவில் நின்று பார்ப்பவனுக்கு இம்மூன்றும் ஒரே சொறிதான். மருத்துவமோ மூன்றுக்கும் ஒன்றன்று.

பெரியவர் சொன்ன ஒயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஞ்சினுள் எரிந்து கறுத்த எண்ணெயில் உலோகத் துகள்களும் வேறு நச்சுப் பொருள்களும் உண்டு. நாயோ தன் உடலை நக்கும் பிராணி. பூசியதில் ஒரு பங்கு வயிற்றுக்குட் போகும். இதனாற் பழைய வைத்தியம் முழுவதும் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆச்சிமார் தேங்காயெண்ணெயிற் கந்தகம் குழைத்துப் பூசினார்கள். கந்தகமும் சுண்ணாம்பும் சேர்ந்த கரைசலை மிருக வைத்தியர் இன்றும் சிற்றுண்ணிகளுக்கும் பங்கசுக்கும் பயன்படுத்துகின்றனர். கந்தகத்தைக் கைவிட்டு எஞ்சின் ஒயிலைப் பற்றிக்கொண்டது, மோட்டார் வாகனம் வந்த பிற்பாடு நாம் தேடிக்கொண்ட அறிவு.

இனி, மருமகளின் சொல்லுக்கு வருவோம். 'அலர்ஜி' என்ற சொல்லை 1906ஆம் ஆண்டில் ஆக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் வொன் பிர்க்கே. தமிழில் ஒவ்வாமை என்கிறோம். கலைச்சொல்லாக்கத்தில் நாம் பெருமைப்படத்தக்க சொற்களுள் ஒன்று. நாய்களுக்கு ஒவ்வாமை மெய்யாகவே உண்டு. ஆயினும் அதனை எந்த வரிசையில் ஐயுறுவது என்பதே முக்கியம். நம்முடைய வெப்ப நாட்டில் முதலில் ஐயுற வேண்டியது தெள்ளை. தெள்ளின் உமிழ்நீருக்கு ஒவ்வாமை கொண்ட நாய்க்குச் சில கடிகளே போதும்; வாலடியிலும் இடுப்பிலும் மயிர் உதிர்ந்து புண்ணாகிவிடும். "தெள்ளு ஒன்றையும் காணவில்லையே" என்பார்கள். நாய் அதைக் கடித்து விழுங்கியிருக்கும். முட்டைகளோ நாயின்மீது தங்குவதில்லை. சாக்கிலும் பாயிலும் திண்ணை வெடிப்பிலும் உதிர்கின்றன. அவற்றிலிருந்து வளர்வன கூட்டுக்குள் வாரக்கணக்கிற் காத்துக் கிடக்கின்றன. நாயைக் குளிப்பாட்டிவிட்டுச் சாக்கை அப்படியே போட்டவன் பாதி வேலையே செய்தவனாவான்.

உணவு ஒவ்வாமை அடுத்தது. இதிற் பெரிதும் குற்றஞ்சாட்டப்படுபவை மாட்டிறைச்சி, பால், கோழியிறைச்சி, கோதுமை முதலியன. தானியம் ஒன்றை மட்டும் விலக்கிவிட்டுக் காரணத்தை விலக்கியதாக எண்ணுவது பொருந்தாது. இதனைக் கண்டறிய நம்பத்தகுந்த வழி ஒன்றே: நாய் முன்பு உண்டறியாத ஒரு புரதத்தைக் கொண்ட உணவைக் குறைந்தது எட்டு வாரம் கொடுத்து, அரிப்புக் குறைந்தாற் பழைய உணவை மீண்டும் கொடுத்து, அரிப்பு மீள்கிறதா என்று பார்ப்பது. வளரும் குட்டியாயின் வைத்தியர் வகுத்த உணவே வேண்டும். இடையில் வேறொன்றும் வாயிற் படலாகாது. நம் வீடுகளில் இது எட்டு நாள் நடக்குமா என்பதே ஐயம். தாத்தா தேநீரிற் தோய்த்த பிஸ்கற்றை நீட்டுவார். கடைக்குட்டி கருவாட்டுத் தலையை மேசைக்குக் கீழே போடுவான். கேட்டால் இருவரும் ஒன்றுமறியார். தூசி, மகரந்தம் முதலியவற்றால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையிற் தலைகாட்டுவது. பாதங்களை ஓயாது நக்குவது அதன் அடையாளங்களுள் ஒன்று. அது பெரும்பாலும் ஆயுள் முழுவதும் கட்டுப்படுத்தி வாழவேண்டிய நோய். ஆதலால், மற்றவை யாவும் இல்லையென்று தெளிந்த பின்னரே ஒரு குட்டிக்கு அப்பெயரைச் சூட்டவேண்டும்.

"ஓர் ஊசி போடுங்கள், சொறிவது நின்றாற் போதும்" என்று வைத்தியரை வற்புறுத்துவோரும் உளர். ஸ்டீரொயிட்டு ஊசி அரிப்பை விரைவில் அடக்கும். கூடவே நிர்ப்பீடனத்தையும் அடக்கும். எங்கள் குட்டிக்கு அதைப் போட்டிருந்தால் சிற்றுண்ணிகளுக்குத் திருவிழாவாகியிருக்கும்.

மருந்துக்கு இன்று பஞ்சமில்லை. ஐவர்மெக்டினுக்கு வழிதிறந்த ஆய்வுக்காக, 2015ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் சத்தோசி ஓமுராவும் வில்லியம் காம்பெல்லும் பங்குபெற்றனர். ஆயினும் கொலி போன்ற இனங்களுக்கு அது உயிர்க்கேடாகலாம். மாட்டுக்கு வாங்கியதைக் கண்ணளவில் நாய்க்குக் கொடுப்பது ஆபத்து. 2014 முதல் வழங்கிவரும் ஃபுளூராலனர் முதலிய மாத்திரைகள் தெள்ளு, உண்ணி, சிற்றுண்ணி யாவற்றையும் தாக்குகின்றன. வலிப்புள்ள நாய்க்கு இவற்றிலும் கவனம் வேண்டும். விலையும் ஆசிரியர் சம்பளத்துக்கு இலேசானதன்று. எங்கள் குட்டிக்கு நோய் பரவத் தொடங்கியிருந்தமையால் மாத்திரையே கொடுக்கிறோம். மாதமொருமுறை தோலைச் சுரண்டிப் பார்க்கிறார்கள். அடுத்தடுத்து இருமுறை ஒன்றும் காணப்படாவிட்டாலே மருந்தை நிறுத்தலாமாம். அந்த முதன்முறை இன்னும் வரவில்லை.

ஆசிரிய நண்பர்களிடம் ஒன்று சொல்வேன். பள்ளிக்கூட வளவுக்குள் உடம்பெல்லாம் புண்ணாகக் குட்டியொன்று வந்தால், கல்லெடுக்கும் பையன்களை நாம் பெரும்பாலும் தடுப்பதில்லை. அவர்களை எட்ட நிற்கவைத்து, புண் எங்கே இருக்கிறது, கண்ணைச் சுற்றியா, செவி விளிம்பிலா, வாலடியிலா என்று எழுதித் தரச் சொல்லலாம். அந்தத் தாளோடு ஒருவர் மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுப் பார்க்கலாம். வைத்தியர் நிறையறிந்து தரும் மாத்திரையை மீன் துண்டொன்றினுள் வைத்து நீட்டினாற் போதும். நாயைப் பிடிக்கவே வேண்டியதில்லை.