படச்சுருள் வைத்திருப்போருக்கு எழுத்துப்பூர்வ உறுதி கோரும் மனு

பெறுநர்: தொலைக்காட்சிப் படச்சுருள் காப்பகங்களுக்குப் பொறுப்பான உயர் அலுவலர்கள், லண்டன்.

பொருள்: ‘கேலக்ஸி 4’ கதையின் காணாமற்போன பகுதிகள் – தனியார் சேகரிப்பாளர்களுக்குப் பாதுகாப்பு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மனுதாரர், பழைய தொலைக்காட்சித் தொடர்களைப் பேணிவரும் பிரிட்டன் ரசிகர்களின் சங்கம்.

1965 செப்டம்பர், அக்டோபரில் பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் வந்த ‘கேலக்ஸி 4’ வில்லியம் எம்ஸ் எழுதியது. இரண்டே விடியலில் வெடித்துச் சிதறவிருக்கும் கோளில் ட்ராவின்களும் ரில்களும் மோதுகிறார்கள். அழகிய ட்ராவின்கள் கொலைக்கு அஞ்சாதவர்கள். பார்க்கவே அச்சமூட்டும் ரில்கள் சமாதானம் நாடுபவர்கள். இதன் 4 பகுதிகளில் 3ஆம் பகுதி மட்டுமே முழுமையாகக் கிடைத்துள்ளது. முதல் பகுதியில் சில நிமிடங்கள் எஞ்சியுள்ளன.

சுருளை ஒப்படைப்பவர்மீது வழக்கோ பறிமுதலோ கிடையாது என எழுதித் தருமாறு சங்கத்தின் முதல் கடிதம் கேட்டது. ஒப்புகை மட்டுமே வந்தது. பிரதி எடுத்தபின் மூலச் சுருளை உரியவரிடமே திருப்பித் தருமாறு நினைவூட்டுக் கடிதம் சேர்த்துக் கேட்டது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒற்றை வரி வந்தது. அவ்விரு கோரிக்கைகளையும் சங்கம் இங்கே மீண்டும் வைக்கிறது.

2011-இல் 3ஆம் பகுதி மீண்டு வந்த முன்னுதாரணம் அலுவலர்கள் அறிந்ததே. அந்த 3ஆம் பகுதி எந்தக் காப்பகத்திலும் கிடைக்கவில்லை. 1980களில் ஒரு விழாச் சந்தையில் வாங்கிய சுருளை, அதன் அருமை தெரியாமலே வைத்திருந்த ஒரு சேகரிப்பாளரிடம் இருந்தது. அவர் மனமுவந்து தந்ததால்தான் இன்று அதைப் பார்க்க முடிகிறது.

மற்றவர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. திரைப்படச் சேகரிப்புக்காக நகைச்சுவைக் கலைஞர் பாப் மாங்க்ஹவுஸ் 1979-இல் ஓல்ட் பெய்லி நீதிமன்றக் கூண்டில் நிற்க நேர்ந்தது. அவர் விடுதலையானார், சேகரிப்பாளர்களின் அச்சம் விலகவில்லை.

தாமதத்தைச் சுருள் பொறுக்காது. அசிடேட் சுருள் கெடத் தொடங்கினால் டப்பாவைத் திறந்ததும் வினிகர் நெடி அடிக்கும். பிறகு சுருள் சுருங்கும். ஓரத் துளைகள் புரொஜெக்டரின் பற்சக்கரத்தில் பொருந்தா.

ஆகவே சங்கம் கோருவன:

1. வழக்கு, பறிமுதல் இல்லை என்ற பொது அறிவிப்பு.
2. மூலச் சுருளைத் திருப்பித் தருவதற்கான எழுத்துப்பூர்வ ஒப்பந்தம்.
3. வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்பிய பிரதிகளின் பட்டியல் வெளியீடு.
4. ஒளிபரப்பின்போது வீடுகளில் ஒலியைப் பதிவுசெய்து காத்தவர்களின் பெயர்களைக் காப்பகப் பதிவேட்டில் சேர்த்தல்.
5. இம்மனுவுக்கு 30 நாட்களுக்குள் கோரிக்கை வாரியாக எழுத்துப்பூர்வப் பதில்.

இப்படிக்கு,
செயலாளர்
(சங்கத்துக்காக)